மேல்கையில் கட்டிய கயிறு

மணியம் தம்பி போய்விட்ட செய்தி எனக்கு வந்தது விளக்கேற்றும் நேரத்தில். அன்று மழை விட்டு வாசல் இன்னும் காயவில்லை. கைப்பேசியில் பேத்தி தர்ஷினியின் பெயர் தெரிந்தது. இங்கே மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் இருட்டும்போது அவள் இருக்கும் ஸ்காட்லாந்தில் மதியம். கடலில் இறங்குகிற நாளில் அந்த நேரத்துக்கு அவள் கூப்பிட மாட்டாள்.

"பாட்டி, மணியம் மாமா ஏணியில ஏறும்போது..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. பின்னால் காற்று இரைந்தது. யாரோ ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

என் வாயில் முதலில் வந்தது, "ஈரத்த மாத்துனியாம்மா?" என்றுதான்.

"நனையல பாட்டி. மாமா பாத்துப் பாத்து மாட்டிவிட்ட டைவிங் சூட்டு. ஒரு சொட்டு உள்ள வரல," என்றவள், அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடாங் செராய்ப் பக்கத்து எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் அவர். ஸ்காட்லாந்திலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்தால், வெயிலில் கொதிக்கும் தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடப்பார். "கால் வெந்துடும்லா, ஓரமா வா தம்பி," என்பேன். "இருக்கட்டும் அக்கா. இந்தச் சூட்ட சேத்து வச்சிக்கிறேன், அங்க வேணும்," என்பார். ஒரு காது மந்தம் என்பதால் எதையும் கத்தித்தான் சொல்வார். முன்னால் போகிற நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

மணியத்துக்குத் தண்ணீர்த் தொழில் வந்தது கோலா கெடாவில். தோட்டத்தில் பால் வெட்டப் பிடிக்காமல் மீன் லாரியில் ஏறிப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். படகின் அடியில் சுழலும் காற்றாடியில் வலை சுற்றிக்கொண்டால் படகு முதலாளித் தவுக்கே இவரைத்தான் கூப்பிடுவார். வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு அந்தச் சேற்றுத் தண்ணீரில் குதிப்பார். "உள்ள ஒண்ணும் தெரியாது அக்கா. கைதான் கண்ணு," என்று சொல்வார். பிறகு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை. அங்கிருந்து வடகடலில் எண்ணெய் எடுக்கிற இடம். வயது ஏறி முட்டி தேய்ந்ததும் அந்த வேலையை விட்டு, ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு சின்னத் துறைமுகத்தில் ஒரு படகுக்காரரோடு சேர்ந்துகொண்டார். அங்கே கடலுக்கடியில் ஒரு பழைய கப்பல் கிடக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களைப் பத்திரமாக இறக்கி, பத்திரமாக ஏற்றிவிடுவதுதான் வேலை. கல்யாணம் கட்டவில்லை. அக்கா லெட்சுமி ஒருத்திதான் அவருக்குச் சொந்தம். அவள் பாடாங் செராயில் இருக்கிறாள். எனக்கு அவள் சின்ன வயதுத் தோழி. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு.

என் பேத்தி அந்த ஊருக்குப் படிக்கப் போனதைப் பற்றி நான் பேசாத ஆள் இங்கே இல்லை. பசாரில் மீன் விற்கிற காசிம் பாய் ஒருநாள், "பேத்தி என்னா படிக்குது அக்கா, டாக்டரா?" என்று கேட்டார்.

"இல்ல. கப்பல்."

"கப்பல் ஓட்டவா?"

"முழுகிப்போன கப்பல் பாய்."

"முழுகினதுக்கு என்னா படிப்பு? மெதக்கிறதுக்குப் படிக்கச் சொல்லுங்க," என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு அதிலும் பெருமைதான். நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி படிக்கிற படிப்புக்குப் பசாரில் பெயர் சொல்ல ஆளில்லை என்றால் பெருமை வராதா?

ஆனால் அவள் கடலில் இறங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் என் மகள், அதாவது அவள் அம்மா, சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். நான்தான் மணியத்தைக் கூப்பிட்டேன். "புள்ளைய உன்கிட்ட விடுறேன் தம்பி," என்றேன். அவர் சரி என்று உடனே சொல்லவில்லை. "முதல்ல ஒண்ணு சொல்லிக் குடுக்கிறேன். அத அது பிடிச்சிக்கிட்டா கூட்டிட்டுப் போறேன். இல்லாட்டி கரையில உக்காந்து படிக்கட்டும்," என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்தது இதுதான். தண்ணீருக்குள் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் மேலே போகலாம் என்று கை காட்டலாம். காட்டிவிட்டால் கூட வந்தவர் ஏன் என்று கேட்கக் கூடாது. படகில் ஏறிய பிறகும் கேட்கக் கூடாது, கேலியும் பண்ணக் கூடாது. "பயந்தவன் ஏறி வந்துடுவான். வெக்கப்பட்டவன்தான் உள்ள கிடப்பான்," என்று அவர் திருப்பித் திருப்பிச் சொன்னதாகத் தர்ஷினி என்னிடம் சொன்னாள்.

அந்தப் பேச்சுக்கு அர்த்தம் எனக்கு விளங்கியது கயிற்றால்.

தர்ஷினி கிளம்புகிற வாரம் நான் அவளை முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டி அனுப்பினேன். திரும்பி வரும்வரை அவிழ்க்கக் கூடாது என்று பூசாரி சொல்லியிருந்தார். தோட்டத்து ஆள்கள் காட்டுப் பக்கம் போனாலும் முனியாண்டியைக் கேட்டுவிட்டுத்தான் போவோம். இவள் கடலுக்கே போகிறாள். கட்டாமல் எப்படி அனுப்புவது?

அந்தக் குளிர்த் தண்ணீருக்கு அவர்கள் போடுவது உடம்பு நனையாத உடுப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் பலூன் வாய் மாதிரி ரப்பர் இறுக்கிப் பிடித்திருக்கும். அதற்கடியில் ஒரு நூல் ஓடினாலும் போதும், தண்ணீர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிடும். கயிற்றை அவிழ்க்கச் சொல்வார்கள் என்று பயந்து, தர்ஷினி அதை மணிக்கட்டு ரப்பருக்கடியில் மறைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். தண்ணீர் முழங்கைக்கு வந்து, தோளுக்கு வந்து, நெஞ்சுக்கு இறங்கியது. அந்தக் கடலில் முகம் பட்டாலே அறைந்த மாதிரி இருக்குமாம். உடம்பு நனைந்தால் எப்படி இருக்கும்? விரல் விறைத்து, காற்றைக் கூட்டிக் குறைக்கிற பொத்தானை அவளால் அழுத்த முடியவில்லை. சொன்னால் கயிறு தெரிந்துவிடும் என்று சொல்லாமலே போயிருக்கிறாள். விளக்கு அவள் கையில் ஆடுவதைப் பார்த்து மணியம்தான் மேலே போகலாம் என்று கை காட்டியிருக்கிறார். கப்பல் கண்ணில் படுவதற்கு முன்பே அன்றைய இறக்கம் முடிந்தது.

அன்று அவர் எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, புள்ள கையில கயிறு கட்டி அனுப்புனீங்களா?"

"ஆமா. நீ அத வெட்டிட்டியா?"

"வெட்டல. முனியாண்டிகூட எனக்கு எதுக்கு வம்பு? அவிழ்த்து மேல்கையில கட்டியிருக்கேன், தாயத்து கட்டுற எடத்துல. அங்கன்னா சூட்டு உள்ளயே இருக்கும். தண்ணி வராது."

"பூசாரி மணிக்கட்டுலன்னுதான் சொன்னாரு. அவிழ்க்கவே கூடாதுன்னாரு."

"பூசாரி இந்தத் தண்ணியில இறங்கியிருக்காரா அக்கா?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. சாமி விஷயத்தில் இவன் யார் என்று போனை வைத்துவிட்டேன். மறுநாள் பூசாரியிடமே போய்க் கேட்டேன். அவர் தேங்காய் உடைத்துக்கொண்டே, "எங்க இருந்தா என்னம்மா, ஒடம்புலதானே இருக்கு," என்றார். மணியத்திடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் என் காதும் மந்தமாகிவிடும் போலிருந்தது. ஆனால் கயிற்றை மறைத்ததற்காகத் தர்ஷினியை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. சொன்னபடி நடந்துகொண்டார்.

அந்தக் கப்பலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே கிடக்கிறது. போர்க்காலத்தில் நம் மலாயாவிலிருந்து கித்தா, அதாவது ரப்பர், ஏற்றிக்கொண்டு போன சரக்குக் கப்பல். கரை தெரிகிற தூரத்தில் முழுகிவிட்டது. வயிற்றுப் பக்கம் உடைந்து கிடக்கிற இடத்தில் விளக்கு அடித்தால், கித்தா ஷீட்டுகள் கட்டுக்கட்டாக அப்படியே இருக்குமாம். மேலே கறுத்துப்போய், விரலால் அழுத்தினால் இன்னும் அமுங்குமாம்.

கடைசியாக ஊருக்கு வந்தபோது மணியம் லெட்சுமி வீட்டில் இதைச் சொன்னார். "எந்தத் தோட்டத்து ஷீட்டுன்னு தெரியாது. நம்ம பாட்டி வெட்டின பாலாவும் இருக்கலாம்லா. வெட்டினவங்க எல்லாம் போயிட்டாங்க. பாலு இன்னும் கெட்டுப்போகல."

"ஒரு துண்டு எடுத்துட்டு வா," என்றாள் லெட்சுமி.

"எடுக்கக் கூடாது. சட்டம்."

"வெள்ளைக்காரன் இங்கேர்ந்து எடுத்துட்டுப் போனான். அப்ப எந்தச் சட்டம்? நீ ஒரு துண்டு திருப்பி எடுத்தா குத்தமா?"

"என்னைத் தூக்கி உள்ள போட்டுருவான். அப்புறம் நீதான் பிளேன் ஏறி வந்து ஜாமீன் எடுக்கணும். ஸ்வெட்டர் இருக்கா?"

எல்லாரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கினதும் அவர் மெதுவாக, அவருக்கு மெதுவாக என்றால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "எல்லாம் இருக்கு அக்கா. அந்த வாடை மட்டும் தண்ணிக்குள்ள வரல," என்றார். கித்தா ஸ்டோர் வாடையைச் சொன்னார். எங்கள் சின்ன வயதில் துணியிலும் சோற்றிலும் அந்த வாடைதான். அதிலிருந்து தப்பிக்கத்தான் அவர் மீன் லாரி ஏறினார். அதைத் தேடிக்கொண்டு அவ்வளவு தூரத்தில், அவ்வளவு குளிரில் தினமும் இறங்கியிருக்கிறார்.

கடைசி நாள் நடந்ததைத் தர்ஷினி எனக்கு ஒரே தடவையில் சொல்லவில்லை. துண்டு துண்டாகத்தான் சொன்னாள். கயிற்றுக்குப் பிறகு அவள் எத்தனையோ தடவை இறங்கியிருந்தாலும், கப்பலின் உடைந்த வயிற்றுக்குள் அவளை மணியம் கூட்டிப்போகவில்லை. இன்னும் பழகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார். அன்றுதான் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். காலையில் படகில் இடது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாராம். "வாயுப் பிடிப்புலா," என்றாராம். உள்ளே போய், அவள் கையைப் பிடித்துக் கித்தாவின்மேல் வைத்திருக்கிறார். தன் கையையும் பக்கத்தில் வைத்திருக்கிறார். பிறகு வழக்கத்தைவிடச் சீக்கிரமே மேலே போகலாம் என்று கை காட்டியிருக்கிறார். ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறக் கூடாதாம். படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று நின்றுதான் வர வேண்டும். அவர் கண்ணை மூடி நின்றார், ஆனால் விரலால் மட்டும் நான் சரியாக இருக்கிறேன் என்று காட்டிக்கொண்டே இருந்தார் என்றாள். படகு ஏணியில் அவளை முதலில் ஏறச் சொன்னார். அவள் ஏறித் திரும்பிப் பார்த்தபோது கை ஏணியில் இருந்தது, பிடி இல்லை. இழுத்துப் போட்டார்கள். ஹெலிகாப்டர் வந்தது. நெஞ்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு இங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். கப்பலில் செத்தவர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்று கோயிலில் பேசினீர்கள். அந்தப் பெண் பிள்ளைக்காக இறங்கப் போய்த்தான் உயிரை விட்டார் என்று கல்யாண வீட்டில் பேசினீர்கள். முதல் பேச்சுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். அந்தக் கப்பலிலிருந்து அவர் ஒரு துரும்பையும் எடுத்ததில்லை. இரண்டாவது பேச்சு கடல் தாண்டி என் பேத்தி காதுக்குப் போய்விட்டது.

மணியத்தை அங்கேயே எரித்தார்கள். சாம்பலைத் தர்ஷினி கொண்டு வர வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டாள், ஆனால் லெட்சுமியின் வாசலில் வந்து நிற்கத் தன்னால் முடியாது என்றாள். "பாட்டி, அவர் கை தேய்ச்சத நான் பாத்தேன். இன்னைக்கு வேணாம் மாமான்னு நான் கை காட்டியிருக்கலாம். ஏன்னு அவர் கேட்டிருக்க மாட்டார். எனக்கு அந்தக் கித்தாவ பாக்கணும்னு இருந்துச்சு, அதான் வாய மூடிக்கிட்டேன். லெட்சுமி பாட்டிகிட்ட இத நீங்க சொல்லிடுங்க. அவங்க வர வேணாம்னா சாம்பல வேற யார்கிட்டயாவது குடுத்தனுப்புறேன். இனி தண்ணியில இறங்க மாட்டேன்," என்றாள். சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

பாடாங் செராய் போனேன். லெட்சுமி முறத்தை மடியில் வைத்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் கை வைத்தேன். பேத்தி சொன்னதை ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். அவள் கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"எந்தக் கை?"

"இடது."

முறத்தைக் கீழே வைத்தாள். "பாக்கியம், எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்னா தெரியும்?"

"அங்க டாக்டரு அவன இறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நெஞ்சு சரியில்லன்னு. எனக்குப் போன்ல சொன்னான். யார்கிட்டயும் சொல்லாதக்கா, படகுல சேக்க மாட்டானுங்க, கரையில உக்காந்து நான் என்னா பண்றது, அந்தப் புள்ளைக்கு அந்தக் கித்தாவ காட்டிட்டு நிறுத்திடுறேன்னான். நானும் சரின்னுட்டேன். உனக்கு ஒரு போன் போட்டிருந்தா போதும். நீ உன் பேத்திகிட்ட சொல்லியிருப்ப. அது அவன இறங்கவே விட்டிருக்காது. போடல. தம்பி சொல்லக் கூடாதுன்னானேன்னு போடல."

வாசலில் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை.

"உன் பேத்தி பாத்தது அன்னைக்குக் காலையில மட்டும்," என்றாள் லெட்சுமி. "நான் அதுக்கு எத்தனையோ நாளைக்கு முன்னாடியே தெரிஞ்சு உக்காந்திருந்தேன். அது எதுக்கு என் மூஞ்சியப் பாக்கப் பயப்படணும்? வரச் சொல்லு."

தர்ஷினி வந்தாள். செருப்பைக் கழற்றியவள் படியேறாமல் நின்றாள். லெட்சுமி இறங்கிப் போய்ச் சாம்பலை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், பிள்ளையை வைத்துக்கொள்வது போல. பிறகு டாக்டர் சொன்னதையும், தான் மறைத்ததையும் அங்கேயே, அக்கம்பக்கத்தார் நிற்கும்போதே சொன்னாள். "உனக்காக அவன் இறங்கல. அவன் ஆசைக்கு இறங்கினான். உன்ன ஒரு சாக்கா வச்சிக்கிட்டான், அவ்வளவுதான்," என்றாள்.

அது முழுக்க உண்மையா என்று எனக்குத் தெரியாது. லெட்சுமிக்கும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு சரியாக இருக்கிறேன் என்று விரல் காட்டின அவருக்குத்தான் தெரியும். தம்பி, எல்லாருக்கும் சொன்னாயே, வெட்கப்பட்டவன்தான் உள்ளே கிடப்பான் என்று. உனக்கு யாரிடம் வெட்கம்? இதை நான் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கோலா கெடா ஆறு கடலில் விழுகிற இடத்தில், அவர் கத்தியைக் கவ்விக்கொண்டு குதித்த அந்தக் கலங்கல் தண்ணீரில் சாம்பலைக் கரைத்தோம். லெட்சுமி படகில் குனிந்து தண்ணீரில் கை வைத்துப் பார்த்தாள். "சூடா இருக்கு," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

தர்ஷினி திரும்பிப் போகிற அன்று லெட்சுமி என் வீட்டுக்கு வந்தாள். முந்தானையில் மஞ்சள் கயிறு முடிந்து கொண்டுவந்திருந்தாள். தர்ஷினி பழக்கத்தில் மணிக்கட்டை நீட்டினாள். லெட்சுமி அந்தக் கையைத் தட்டிவிட்டு, சட்டைக் கையை மேலே சுருட்டினாள். "இங்க. அவன் கட்டின எடத்துல," என்றாள். இறங்கு என்றும் சொல்லவில்லை, இறங்காதே என்றும் சொல்லவில்லை. மீதிக் கயிற்றை என் மேல்கையில் கட்டினாள்.

போன வாரம் தர்ஷினி படகிலிருந்து கூப்பிட்டாள். அன்று முதல் முறையாக மறுபடியும் இறங்கப் போகிறாள். குரல் நடுங்கியது, குளிரா பயமா என்று நான் கேட்கவில்லை. பத்திரமாகப் போய் வா என்பதுதான் நான் எப்போதும் சொல்வது. அன்று அது வரவில்லை. "மனசு சரியில்லன்னா ஏறி வந்துடு. யாரும் ஏன்னு கேக்க மாட்டோம்," என்றேன்.

"நீங்களும் பாட்டி," என்றாள். "மாடிப்படியில நின்னு நின்னு ஏறுறீங்களாம். அம்மா பாத்துட்டு எங்கிட்ட சொன்னாங்க."

மறுநாள் காலையில் மகனிடம் கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். எதுக்கும்மா என்றான். சொன்னேன். படியேறினால் நெஞ்சை அடைப்பதை ரொம்ப நாளாக மறைத்திருந்தேன். சொல்லி முடித்ததும் லேசாக இருந்தது. கிளினிக்கில் மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி பிரஷர் பார்க்க என் மேல்கையில் பட்டையைச் சுற்ற வந்து, கயிற்றைப் பார்த்து நின்றாள். கழற்றட்டுமா மாக் சிக், அதாவது அத்தை, என்று கேட்டாள்.

வேண்டாம் என்று சொல்லி, அதை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு கையை நீட்டினேன். மணியம் தம்பியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.